கலைந்த படையின் கடைசி அலுவலகம்

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் வியட்நாமியர் நடத்தும் முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு உதவி கேட்டு வியட்நாமிலிருந்து வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். உறைக்குள் ஒரு புகைப்படம். பிளாஸ்டிக் முக்காலியிலோ வீட்டு வாசற்படியிலோ ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பார். கால்சட்டையின் ஒரு பக்கம் தொடை வரைக்கும் சுருட்டி விடப்பட்டிருக்கும். முகமும் தெரிய வேண்டும், துண்டான காலும் தெரிய வேண்டும். அதற்காகவே எடுத்த படம் அது. கூடவே கையால் எழுதிய ஒரு தாள்: பெயர், பிறந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, படை எண், எந்த ஊரில், எந்த நாளில் அடிபட்டது. எழுத விரல் இல்லாதவர் என்றால் மகளோ பேத்தியோ எழுதிக் கொடுத்திருப்பார்.

அந்தப் படை எண்ணை வழங்கிய ராணுவம் இன்று இல்லை. 1975 ஏப்ரல் 30 அன்று வடக்கு வியட்நாமிடம் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது வியட்நாம் குடியரசு, அதாவது தென் வியட்நாம், என்ற நாடும், அதன் பாதுகாப்பு அமைச்சகமும், ஓய்வூதிய அலுவலகமும் ஒரே நாளில் இல்லாமல் போயின. காயம்பட்ட சிப்பாய் மட்டும் இருந்தான். யாரிடம் போய் 'நான் இன்னார், எனக்கு இங்கே அடிபட்டது' என்று சொல்வது? பல பத்தாண்டுகளாக அதைக் கேட்டுப் பதிவு செய்யும் இடமாக அமெரிக்காவின் ஒரு கடைவீதிக் கட்டடத்தில் இயங்கும் தன்னார்வச் சங்கம்தான் இருந்துவருகிறது. இந்தச் சங்கங்களைப் பலரும் நிவாரண அமைப்பு என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். அவர்கள் செய்யும் பெரிய வேலை அந்தச் சொல்லுக்குள் அடங்காது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல். தென் வியட்நாமின் ஊனமுற்ற படைவீரரை 'துவோங் ஃபே பின்' என்பார்கள். 'துவோங்' என்றால் காயம், 'பின்' என்றால் சிப்பாய். நடுவில் நிற்கும் 'ஃபே' சீன மொழியிலிருந்து வந்தது. உறுப்பு செயலிழந்தது என்று பொருள். பயனற்றது, கைவிடப்பட்டது என்றும் பொருள். வென்ற தரப்பின் காயம்பட்ட வீரருக்கு அந்த நடுச்சொல் கிடையாது. அவர் வெறும் 'துவோங் பின்'. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 27 அவருக்கான அரசு நாள்; 1947 முதல் கடைப்பிடிக்கிறார்கள். அவருக்கு மாத உதவித்தொகை, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பில் சலுகை எல்லாம் உண்டு. ஒரே ஊரில், ஒரே போரில், ஒரே மாதிரி காலிழந்த இரண்டு பேர் இருக்கலாம். ஒருவருக்கு நாடு பூங்கொத்துடன் வீடு தேடி வரும். மற்றவரை அரசு பல பத்தாண்டுகள் 'பொம்மைப் படை'யின் ஆள் என்ற சொல்லால்தான் குறித்தது.

அந்த இன்னொருவர் விரும்பிப் போருக்குப் போனவராகக்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. 1968 ஜூனில் சைகோன் அரசு பொதுத் திரட்டல் சட்டம் கொண்டுவந்தது. 18 வயது முதல் 38 வரை உள்ள ஆண்களைப் படைக்கு இழுக்க அது வழிசெய்தது. மெகோங் வடிநிலத்தின் நெல்வயலில் இருந்து போன பையன்களே சிப்பாய்களில் அதிகம். 1972இல் வடக்குப் படைகள் குவாங் திரி, ஆன் லோக், கோன் தும் என்று மூன்று முனைகளில் பெருந்தாக்குதல் தொடுத்தன. தென் வியட்நாமியர் அதை 'செந்தீக் கோடை' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கோடையில் கால்போன இருபது வயதுப் பையனுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

சொந்த அரசு இருந்த காலத்திலும் இவர்கள் செல்லப்பிள்ளைகளாக இருக்கவில்லை. 1970இல் ஊனமுற்ற வீரர்கள் சைகோன் தெருக்களில் இறங்கிப் போராடினார்கள். நடைபாதையிலும் அரசு நிலத்திலும் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். அதன் பிறகே அரசு அவர்களுக்கான உதவிகளை ஒழுங்கு செய்தது. சில இடங்களில் வீடும் கட்டிக் கொடுத்தது. கிடைத்ததை அனுபவிக்க ஐந்து ஆண்டுகூட வாய்க்கவில்லை. சைகோன் வீழ்ந்ததும், நாட்டின் மிகப் பெரிய ராணுவ மருத்துவமனையான கோங் ஹோவாவில் கிடந்த காயக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கட்டுப் போட்ட வயிற்றோடும், நேற்றுத்தான் வெட்டிய காலோடும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிய கதையை உயிரோடிருக்கும் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதே வளாகம் இன்று 175ஆம் எண் ராணுவ மருத்துவமனை.

பிறகு வந்த ஆண்டுகளில் 'லீ லிச்' என்ற குடும்பப் பின்புலக் கோப்பு எல்லாவற்றையும் தீர்மானித்தது. அப்பன் எந்தப் படையில் இருந்தான் என்பது மகளின் கல்லூரி இடத்தையும் மகனின் வேலையையும் தொட்டது. பயந்துபோய்ப் படைச்சான்றுகளையும் சீருடைப் படங்களையும் அடுப்பில் போட்டவர்கள் ஏராளம். இந்தத் தீ பிற்பாடு சங்கங்களின் வேலையை எவ்வளவு கடினமாக்கியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பிழைப்புக்கு அவர்களில் பலருக்குக் கிடைத்தது லாட்டரிச் சீட்டு. தெற்கு வியட்நாமில் மாகாணவாரியாகத் தினமும் குலுக்கல் உண்டு. மாலை நான்கு மணிவாக்கில் குலுக்கல், அதற்குள் விற்காத சீட்டுகளை முகவரிடம் திருப்பிவிட வேண்டும். விடிந்ததும் ஒரு கட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு, கையால் நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் காப்பிக் கடை காப்பிக் கடையாகப் போவார். ஒரு சீட்டு 10,000 டாங் என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கையில் நிற்கும். மழை பெய்தால் மேசைகள் காலி. திருப்பிக் கொடுக்க நேரம் தவறினால், மிச்சச் சீட்டின் விலை அவர் தலையில். இரண்டு காலும் இல்லாத ஒருவர் மதியம் மூன்று மணிக்குக் கடிகாரத்தை எப்படிப் பார்ப்பார் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தால், சங்கங்கள் அனுப்பும் 'ஆண்டுக்கு நூறு டாலர்' என்பது அந்த வீட்டில் என்ன தொகை என்பது விளங்கிவிடும்.

இனி, கடல் தாண்டியவர்கள் யார் என்ற கேள்வி. விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1975 வசந்தத்தில் அமெரிக்காவுக்கு வந்துசேர்ந்தவர்கள் சுமார் 1,30,000 பேர். விமானத்திலும் கப்பலிலும் இடம்பிடிக்கப் பதவியோ தொடர்போ அதிர்ஷ்டமோ வேண்டியிருந்தது. அடுத்துப் படகுகளில் லட்சக்கணக்கில் போனார்கள். படகில் ஏறத் தங்கம் வேண்டும், ஓட இரண்டு கால்கள் வேண்டும். மூன்றாவது வழி சட்டபூர்வமானது. வர்ஜினியாவில் குக் மின் தோ என்ற பெண்மணி, சிறைப்பட்டவர்களின் குடும்பங்களை 1977இல் ஒரு சங்கமாகத் திரட்டினார். அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாஷிங்டன் கதவுகளைத் தட்டினார்கள். 1989 ஜூலை 30 அன்று அமெரிக்காவும் வியட்நாமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 1990 ஜனவரியில் முதல் விமானம் புறப்பட்டது. 'எச்.ஓ.' என்று எல்லோரும் அழைக்கும் இந்தத் திட்டத்தில் முன்னாள் கைதிகளும் குடும்பத்தாருமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

தகுதி என்ன? 1975க்குப் பிறகு புதிய அரசு தென் வியட்நாம் தரப்பினரை அடைத்துவைத்த 'மறுகல்வி' முகாமில் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ இருந்திருக்க வேண்டும்.

நீண்ட நாள் முகாமுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். சாதாரணச் சிப்பாய்க்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் வகுப்பு, அவ்வளவுதான். 1975க்கு முன்பே காயத்தால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவன், கால் இல்லாதவன், கண் இல்லாதவன், அவனைச் சிறையில் வைத்து யாருக்கு என்ன பயன்? விட்டுவிட்டார்கள். அன்று அது இரக்கமாகத் தெரிந்திருக்கலாம். பதினைந்து ஆண்டு கழித்து அதே காரணத்தால் அவனுக்கு விசா இல்லை. சிறைபட்டதற்கு நஷ்டஈடாக ஒரு கதவு திறந்தது; உடலை இழந்ததற்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. 1994இல் முடிந்த அந்தத் திட்டத்தை 2005 நவம்பரில் மறுபடி திறந்து 2008 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். அப்போதும் அடிப்படை விதி இவர்களைத் தொடவில்லை.

அதிகாரிகள் போனார்கள், சிப்பாய்கள் நின்றார்கள். முழுக்க இப்படியே என்று சொல்ல முடியாது. படகில் போன சிப்பாய்களும் உண்டு, போக மறுத்த அதிகாரிகளும் உண்டு. ஆனால் பெரும்போக்கு இதுதான். அந்த உறுத்தலில்தான் இந்தச் சங்கங்கள் பிறந்தன என்பது என் எண்ணம். உத்தரவிட்டவர் கலிபோர்னியாவில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடுகிறார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர் கான் தோ சந்தையில் சீட்டு விற்கிறார். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள்.

எச்.ஓ. விமானத்தில் 1990இல் வந்தவர்களில் நுயென் தி ஹான் ஞோன் என்ற பெண்மணியும் ஒருவர். தென் வியட்நாமின் மகளிர் படைப்பிரிவில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். முகாம் சிறையையும் பார்த்தவர். அறுபதைத் தாண்டிய வயதில் அகதியாக வந்திறங்கி, ஊனமுற்ற வீரர்களுக்கும் படைவீரர்களின் விதவைகளுக்கும் உதவும் சங்கத்தைத் தோள்மேல் தூக்கிக்கொண்டார். 2017 ஏப்ரலில் இறக்கும் வரைக்கும் அதுதான் அவர் வாழ்க்கை. சம்பளம் வாங்காத தொண்டர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள், கோப்புகளைப் பிரித்து அடுக்கினார்கள். தாமே அரசு உதவித்தொகையில் வாழ்க்கை நடத்தும் எச்.ஓ. முதியவர்கள்கூட இருபது டாலர், ஐம்பது டாலர் காசோலை அனுப்புவார்கள்.

அந்தக் கோப்பு வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு விண்ணப்பம் வருகிறது. ஊனச் சான்றோ படைவிடுப்புச் சான்றோ இருந்தால் எளிது. மடித்து மடித்துக் கிழிந்து, நெகிழித்தாளில் ஒட்டி, கூரைத் தகட்டுக்குக் கீழே ஒளித்துவைத்து மீண்ட காகிதங்கள் உண்டு. எரித்துவிட்டவருக்கு என்ன வழி? ஆள் சாட்சிதான். எந்தப் பட்டாலியன், கட்டளை அதிகாரி யார், எந்த மலை, எந்தப் பாலம், மருத்துவமனைக்கு எடுத்துப்போன ஹெலிகாப்டர் எங்கே இறங்கியது? அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு, அதே படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் ஹூஸ்டனிலோ சான் ஹோசேயிலோ சிட்னியிலோ இருக்கிறார்களா என்று தேடுவார்கள். வான்குடைப் படை, கடற்படைச் சிப்பாய்ப் பிரிவு, ரேஞ்சர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிச் சங்கம் இருப்பது இங்கே கைகொடுக்கிறது. எண்பது வயதுக் கேப்டன் ஒருவர் படத்தைப் பார்க்கிறார். முகம் அடையாளம் தெரியவில்லை. இடத்தின் பெயரையும் நாளையும் படித்ததும் தெரிந்துவிடுகிறது. 'ஆம், என் ஆள்தான்' என்று கையெழுத்துப் போடுகிறார்.

அந்தக் கையெழுத்தின் எடையை நூறு டாலரால் நிறுக்க முடியாது. பதிவேடு வைத்தல், சரிபார்த்தல், சான்று தருதல் எல்லாம் ஓர் அரசு செய்ய வேண்டிய வேலைகள். அரசு மறைந்த பிறகும் அதன் ஒரு மேசை மட்டும் அகதிகள் கையில் இயங்கிக்கொண்டிருக்கிறது.

பணம் போகும் வழியும் காலத்தோடு மாறியிருக்கிறது. 1994இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடை விலகும் வரை ஊருக்குப் பணம் அனுப்புவது சிக்கல். துணி, மருந்து, சோப்பு என்று பொட்டலம் கட்டி, பிரான்ஸ், கனடா வழியாக அனுப்பினார்கள். வாங்கியவர் சந்தையில் விற்றுக் காசாக்கிக்கொண்டார். இப்போது ஆரஞ்சு கவுன்டியில் வியட்நாமியர் வாழும் வட்டாரமான லிட்டில் சைகோனின் போல்சா அவென்யூவில் பணம் அனுப்பும் கடைகள் வரிசையாக உள்ளன. இங்கே கட்டினால், அங்கே மோட்டார்சைக்கிளில் ஆள் வந்து வீட்டுவாசலில் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்கிப்போவார். ஒருவரே இரண்டு மூன்று சங்கங்களில் வாங்கிவிடாமல் பட்டியலை ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எவ்வளவு போனது என்பதைச் சமூகப் பத்திரிகைகளில் படை எண்ணோடு அச்சிடுகிறார்கள். பணம் எங்கே போகிறது என்ற சந்தேகமும் சண்டையும் புலம்பெயர் சமூகங்களுக்குப் புதிதில்லை என்பதால் இந்த அச்சிடல் அவசியம்.

நிதி திரட்டும் பெரிய நிகழ்ச்சிக்குப் பெயர் 'காம் ஒன் ஆன்'. 2000களின் நடுவிலிருந்து நடந்துவரும் திறந்தவெளி இசைவிழா. கார்டன் குரோவ் பள்ளி மைதானத்தில் பல முறை நடந்திருக்கிறது. பாடகர்கள் ஊதியம் வாங்குவதில்லை. மேடைக்குப் பக்கத்தில் நீண்ட மேசைகள், வரிசையாகத் தொலைபேசிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தொண்டர். நேரலையைப் பார்க்கும் குடும்பங்கள் அழைத்துத் தொகை சொல்வார்கள். ஒரே நாளில் லட்சக்கணக்கான டாலர் சேர்ந்த ஆண்டுகள் உண்டு. பெயரின் பொருள் நமக்குச் சட்டென்று மனதில் படும். வியட்நாமியர் பேச்சில் 'நீ', 'நீங்கள்' என்ற வெறும் சொல் அரிது. நம்மைப் போலவே முறைப்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். 'ஆன்' என்றால் அண்ணன். 'நன்றி, அண்ணா.' பள்ளியில் ஆங்கிலம் பேசும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தான் பார்த்தேயிராத ஒரு கிழவரை அப்படி அழைத்து நன்றி சொல்கிறாள். 'பயனற்ற' என்ற பொருள் ஒட்டியிருந்த பெயருக்குப் பதிலாக ஓர் உறவுப்பெயர்.

அந்த மைதானம் முழுக்க மஞ்சள் கொடி பறக்கும், மூன்று சிவப்புக் கோடுகளோடு. மறைந்த நாட்டின் கொடி. இது வியட்நாம் அரசின் கண்ணை உறுத்துவதில் வியப்பில்லை. சங்கங்களில் சிலர் மேடையில் பேசும் காரமான அரசியல், ஊரில் அந்தப் பணத்தை வாங்குபவரின் வாசலில் போலீஸ்காரராக வந்து நிற்கும் அபாயம் உண்டு. தாங்கள் இழந்த நாட்டை மறக்கச் சொல்லி யாரையும் கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் கோஷத்தின் விலையைக் கட்டுவது கோஷம் போடாத ஒரு நொண்டிக் கிழவர் என்றால், கொடி இல்லாத நாளும் ஒன்று வேண்டும் என்றே நினைக்கிறேன். ஹோ சி மின் நகர் என்று இன்று பெயர்பெற்ற சைகோனின் கி டோங் தெருவில் உள்ள ரெடம்ப்டரிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியர் மடம் சில ஆண்டுகள் அப்படிச் செய்தது. ஊனமுற்ற வீரர்களை அழைத்து மருத்துவப் பரிசோதனை, சக்கர நாற்காலி, ஒரு வேளைச் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். அதற்கும் நெருக்கடி வந்தது. 2019 ஜனவரியில் அதே நகரின் லோக் ஹூங் கீரைத்தோட்டக் குடியிருப்பை அதிகாரிகள் இடித்தபோது, அங்கே தங்கியிருந்த ஊனமுற்ற வீரர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். வியட்நாமின் 2010ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கடுமையான ஊனம் உள்ள எவருக்கும் சிறு மாதத்தொகை தருகிறது. பழைய படையைக் கேட்பதில்லை. வீரராக இல்லாமல் ஊனமுற்றவராக மட்டும் அவரை ஏற்கும் சட்டம் அது. பியன் ஹோவாவில் தென் வியட்நாம் வீரர்களின் சுமார் 16,000 கல்லறைகள் உள்ள ராணுவ மயானத்தை 2006இல் ராணுவப் பிடியிலிருந்து குடிமை நிர்வாகத்துக்கு மாற்றினார்கள். குடும்பத்தார் போய்ப் புல் செதுக்க முடிகிறது. வாசலில் ஒருகாலத்தில் துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த சிப்பாய் சிலை மட்டும் 1975இல் இழுத்துத் தள்ளப்பட்டது, திரும்பி வரவில்லை.

அமெரிக்காவின் கடன்? கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் 2003இல் திறந்த நினைவுச்சின்னத்தில் அமெரிக்கச் சிப்பாயும் தென் வியட்நாம் சிப்பாயும் பக்கத்தில் பக்கத்தில் வெண்கலத்தில் நிற்கிறார்கள். வெண்கலத்துக்கு வெளியே இருவரும் ஒன்றில்லை. அமெரிக்கருக்கு மாத இழப்பீடு, செயற்கைக் கால், மருத்துவமனை. அவரோடு அதே குழியில் படுத்திருந்தவருக்கு அமெரிக்கப் படைவீரர் நலத்துறையில் இடமில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. வடக்கே ரகசியமாக அனுப்பப்பட்டுச் சிறைப்பட்ட தென் வியட்நாம் கமாண்டோக்களுக்கு ஆளுக்கு 40,000 டாலர் தர 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்பியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின்கீழ் சண்டையிட்ட பிலிப்பினோ வீரர்களின் உரிமையை 1946இல் ஒரு சட்டம் பறித்தது. 2009இல்தான் குடிமக்களுக்கு 15,000, மற்றவர்களுக்கு 9,000 டாலர் என்று ஒருமுறைத் தொகை வந்தது. ஆஸ்திரேலியா வேறு மாதிரி நடந்துகொண்டது. அங்கே குடியேறிய தென் வியட்நாம் வீரரை நேசநாட்டு வீரராகக் கணக்கில் எடுத்து, தகுதி இருந்தால் ஓய்வூதியம் தருகிறது. எல்லைக்குள் வந்துசேர்ந்தவருக்கு மட்டும்தான்.

நம் பக்கத்திலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது, அதுவும் இதே இந்தோசீன மண்ணைத் தொட்டது. புதுச்சேரி, காரைக்காலில் 'சொல்தா' என்று அழைக்கப்படும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியர்கள். அவர்களில் 1954க்கு முன் இந்தோசீனாவில் சண்டையிட்டவர்களும் இருந்தார்கள். தோற்றுத் திரும்பிய படைதான் அதுவும். ஆனால் பிரான்ஸ் என்ற அரசு மிஞ்சியிருந்தது. அதனால் புதுச்சேரித் தெருவில் இருந்த கிழவருக்கும் மாதம் தவறாமல் பணம் வந்தது, நவம்பர் 11 அன்று கடற்கரைச் சாலை நினைவிடத்தில் பதக்கம் குத்திக்கொண்டு நிற்க முடிந்தது. தோல்வி சிப்பாயை அனாதையாக்குவதில்லை. அவனை அனுப்பிய நாடு மறைந்துபோவதுதான் ஆக்குகிறது.

இப்போது காலம் எல்லோரையும் பிடித்துவிட்டது. சாட்சி சொல்லும் கேப்டன்கள் குறைகிறார்கள். கோப்பைப் பிரிக்கும் தொண்டரின் கையே நடுங்குகிறது. ஊனமுற்றவர்களையாவது அமெரிக்காவில் குடியேற்றுங்கள் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், எண்பதை நெருங்கும் ஒருவர் மொழி தெரியாத ஊருக்கு வந்து என்ன செய்வார் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

பணம் கொண்டுபோன மோட்டார்சைக்கிள்காரர் சில வீடுகளில் உறையைக் கொடுக்காமல் திரும்புகிறார். ரசீதில் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று எழுதியிருக்கும். கலிபோர்னியாவில் அந்தக் கோப்பைத் தேடி எடுக்கிறார்கள். சங்கத்தின் பெயரிலேயே விதவைகளும் இருக்கிறார்கள். அதனால் கோப்பை மூடுவதில்லை. மனைவி உயிரோடிருக்கிறாரா என்று கேட்டு ஒரு கடிதம் போகிறது. பதில் வந்ததும் மேலட்டையில் அவர் பெயரை எழுதி, பழைய படை எண்ணைக் கீழே அப்படியே விட்டு, அடுத்த அலமாரிக்கு மாற்றுகிறார்கள்.